டுமான்ட் ஓநாய்கள் என்கிற பொஸ்ஸம்கள்

கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டு, "தண்ணி நல்லா ஜில்லுன்னு இருந்துச்சு" என்று அவர் பதில் சொன்னால், அதற்குமேல் கேட்கக் கூடாது. லூசியானாவில், சிவப்பு ஆற்றங்கரையில் இருக்கும் டுமான்ட் ஊரில் யாரிடம் அவர்கள் அணியைப் பற்றி விசாரித்தாலும், "எங்க மெர்ல் கைட்ரி பிரமாதம்" என்றார்கள். மெர்ல் கைட்ரி அந்த அணியின் உதைகாரர்.

அமெரிக்கக் கால்பந்தில் உதைகாரர் பிரமாதம் என்றால் என்ன அர்த்தம் என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பந்தோடு பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு. மூன்றிலும் முட்டி மோதி ஒன்றும் நடக்கவில்லை என்றால், நான்காவதில் மானம் போவதற்கு முன்னால் பந்தை எவ்வளவு தூரம் உதைக்க முடியுமோ அவ்வளவு தூரம் எதிரியின் பக்கம் உதைத்துவிடுவார்கள். 'பந்து உனக்குத்தான், ஆனால் அதோ அங்கே போய் எடுத்துக்கொள்' என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை அது. அதைச் சொல்கிறவர்தான் உதைகாரர். நல்ல அணிகளில் அவர் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். டுமான்டில் மெர்லுக்கு உட்காரவே நேரம் இருந்ததில்லை. உள்ளூர்ப் பத்திரிகை ஒரு வாரம், 'அதிக தூரம் ஓடியவர்: கைட்ரி (மைதானத்துக்குள் வரவும் வெளியே போகவும்)' என்று போட்டது. மெர்ல் அதை வெட்டி, வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்தார். வாழ்க்கையில் வந்த பாராட்டை எந்த வடிவத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

எண்பத்தைந்தாம் வருடத்து வசந்தம் அது. பெரிய லீக் ஆடுவது இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும். வசந்தத்தில் ஜனங்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்த சில பணக்காரர்கள், பெரிய லீக் வேண்டாம் என்று தள்ளியவர்களை எல்லாம் பொறுக்கியெடுத்து வசந்த லீக் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். டுமான்டுக்கு இது புதிதல்ல. இதற்கு முன்னால் இப்படிப்பட்ட லீக்குகளின் இரண்டு அணிகள் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே காலமாகியிருந்தன. இரண்டாவது அணி, சீருடை தைத்து வருவதற்குள் போய்விட்டது. அந்தச் சட்டைகள் இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் உடம்பில் நடமாடிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது அணியை வாங்கியவர் வெண்டல் ஓடம். ஆற்றங்கரை நெடுகிலும் டயர்க் கடைகள் வைத்திருந்தவர். அணிக்கு அவர் வைத்த பெயர் 'டுமான்ட் ஓநாய்கள்.' டுமான்டைச் சுற்றி முன்னூறு மைலுக்கு ஓநாய் கிடையாது. அதனால்தான் யாரும் குறைசொல்ல மாட்டார்கள் என்று அவர் நினைத்தார். ஹெல்மெட்டில் போட ஓநாய்ப் படம் வேண்டும். அதற்கு ஓவியரைத் தேடாமல், கடைப் பலகைகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த தன் மருமகன் டெல்வினையே பிடித்தார். டெல்வின் அதுவரை வரைந்ததெல்லாம் டயர். டயரை அவர் தத்ரூபமாக வரைவார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்த கதை நமக்குத் தெரியும். டெல்வின் ஓநாய் பிடிக்கப் போனார். பனி ஓநாய் என்று சொல்லி முகத்தை வெள்ளையாக்கினார். மூர்க்கமாக இருக்கட்டும் என்று மூக்கை நீட்டினார். சிவப்பு மை தீர்ந்துபோனதால் அச்சகத்தில் அந்த மூக்கு இளஞ்சிவப்பாக வந்தது. வாய் நிறையப் பல் வைத்ததில் களைத்துப்போய், வாலுக்கு முடி வரைய மறந்துவிட்டார்.

லூசியானாவில் பிறந்த எவருக்கும் அந்தப் பிராணியை அடையாளம் தெரியும். அதன் பெயர் பொஸ்ஸம். பூனை அளவு இருக்கும், எலி முகம், மொட்டை வால். ஊர் அடங்கியதும் வந்து குப்பைத்தொட்டியை உருட்டும். அதன் வீரம் உலகப் பிரசித்தம்: நாயைக் கண்டால் மயங்கி விழுந்து, நாக்கைத் தொங்கப்போட்டு, செத்துப்போனது மாதிரி விறைத்துக் கிடக்கும். ஆபத்து போய்விட்டது என்று நிச்சயமாகும்வரை எழுந்திருக்காது.

ஆனாலும் முதல் ஆட்டம்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. ஓடமின் டயர்க் கடைகளில் பாதி ஊர் வேலை பார்த்தது. முதல் ஆட்டத்தில், அணியின் நடுநாயகமான, பந்தை எறிகிற லான்ஸ் பெட்டிக்ரூ, எதிரணியின் தடியன் ஒருவன் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்தார். தடியன் வந்து சேர இன்னும் நாலெட்டு இருந்தது. லான்ஸ் அதற்குள் தானே படுத்துவிட்டார்.

முன்வரிசையிலிருந்து நோலன் கோமோ எழுந்தார். கோமோ ஊரில் சவ அடக்கம் செய்கிற நிலையம் நடத்துகிறவர்.

"ஏய், அவனை யாருமே தொடலடா!" என்று கத்தினார். "பொஸ்ஸம் பயந்து படுத்துடுச்சு!"

செத்தது எது, செத்த மாதிரி கிடப்பது எது என்று ஊரில் வேறு யார் சொன்னாலும் விவாதிக்கலாம். கோமோ சொன்னால் அது தொழில்முறைத் தீர்ப்பு. அன்று மாலைக்குள் டுமான்ட் ஓநாய்கள் செத்துப்போய் டுமான்ட் பொஸ்ஸம்கள் பிறந்துவிட்டன.

ஓடம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். "இது ஓநாய். சைபீரியாவுல இருக்கிற வெள்ளை ஓநாய்."

"சைபீரிய ஓநாய்க்கு வால்ல முடி இருக்காதா சார்?"

"அங்க குளிரு ஜாஸ்தி. கொட்டிடும்."

ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு முதல் ஆட்டத்தைவிட இரண்டு மடங்குக் கூட்டம் வந்தது. எல்லார் மூக்கிலும் இளஞ்சிவப்புச் சாயம். டயர் விற்கிறவருக்குக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதா என்ன? மூன்றாவது ஆட்டத்தில் மைதான வாசலில் பொஸ்ஸம் பொம்மைகளை அவரே விற்றார். சைபீரியாவைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை.

அந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் அந்தச் சடங்கும் ஏற்பட்டது. மூன்று வாய்ப்பும் வீணாகி, மெர்ல் உதைக்க உள்ளே நடந்துவரும்போது, கோமோ பெஞ்சிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, கண்ணை மூடி, நாக்கை ஓரமாகத் தொங்கவிட்டார். அவர் வரிசை விழுந்தது. அதற்குப் பின்வரிசை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுவதும் பிணக்காடு. பந்து உதைபட்டு, பறந்து, விழுந்து, நடுவர் விசில் ஊதிய பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் உயிர்த்தெழுந்து, பொஸ்ஸம் மாதிரி பல்லைக் காட்டி "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று சீறினார்கள். எதிரணி ஆட்களில் ஒருவன் பயந்து பந்தையே நழுவவிட்டான். அந்த வருடத்தில் டுமான்ட் கைப்பற்றிய பந்துகளில் அது ஒன்று.

அதுமுதல் அது சட்டமாகிவிட்டது. நடுவர் விசில் ஊதும்வரை யாரும் உயிரோடு இருக்கக் கூடாது. புதிதாக வந்தவர் எவராவது விவரம் தெரியாமல் உட்கார்ந்தே இருந்தால், கோமோ சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அவர் உயரத்தை அளக்க ஆரம்பிப்பார். கோமோ யார், என்ன தொழில் என்று பக்கத்தில் இருப்பவர்கள் காதோடு சொல்வார்கள். புதியவர் உடனே படுத்துவிடுவார்.

மெர்லுக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் தனக்காக உயிரைக் கொடுப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் அவருக்கு முப்பத்திரண்டு வயது. பெரிய லீக்கின் அணிகள் முன்பு மூன்று தடவை கூப்பிட்டு, மூன்று தடவையும் கை குலுக்கி அனுப்பிவிட்டன. மனைவி டார்லாவோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. இந்த வசந்தம்தான் கடைசி. பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வராவிட்டால், டார்லாவின் அண்ணன் ஹோபார்ட்டின் தரைக்கம்பளக் கடையில் வேலைக்குச் சேர வேண்டும். ஹோபார்ட் நம்பிக்கையான மனிதர். மார்பில் 'மெர்ல்' என்று நூலால் தைத்த பழுப்புச் சட்டை ஒன்றை ஏற்கெனவே கொடுத்தனுப்பியிருந்தார். அது படுக்கையறைக் கதவின் பின்னால் தொங்கிக்கொண்டு, தினமும் காலையில் மெர்லைப் பார்த்தது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் தொலைபேசி வந்தது. பெரிய லீக்கில் வடக்கத்தி அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கிற ஆல்ட்ரிஜ் என்பவர்.

"எங்க உதைகாரனுக்கு முழங்கால் போச்சு, கைட்ரி. இந்த நாட்டுலயே அதிகமா உதைக்கிறவன் நீதான்னு சொன்னாங்க. நேர்ல வந்து பார்க்கறேன்."

"தாராளமா வாங்க சார்."

"ஒரு உதையை வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஒண்ணு காத்துல போகும், ஒண்ணு அதிர்ஷ்டத்துல போகும். நாலஞ்சாவது பார்க்கணும். கிடைக்குமா?"

மெர்லுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், எங்க ஊர்ல வேற எதுக்கு வேணா பஞ்சம் வரும். அதுக்கு வராது."

தொலைபேசியை வைத்துவிட்டு, கடைசி ஆட்டம் யாரோடு என்று பார்த்தார். விச்சிட்டா. யாரிடமும் தோற்காத அணி. மெர்ல் கடவுளுக்கு நன்றி சொன்னார். விச்சிட்டாவோடு ஆடினால் பத்து உதைகூடக் கிடைக்கும்.

இந்தச் செய்தியை அவர் வெளியே சொல்லியிருக்கக் கூடாது. நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் பெரியவர்கள் சொன்னது தவளையோடு முடிந்துவிடவில்லை. மெர்ல் ஓட்டிஸ் பீவியிடம் மட்டும் சொன்னார். பீவி பின்பாய்ச்சல்காரர். குனிந்து நின்று, கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் மெர்லின் கைக்குச் சரியாகத் தள்ளுவது அவர் வேலை. அதனால் மெர்லை அதிகமாகத் தலைகீழாகவே பார்த்துப் பழகியவர். நேராக நின்று பேசும்போது சில சமயம் அவருக்கு மெர்லை அடையாளம் தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லாதடா பீவி."

"என்ன மச்சி, நான் சொல்வேனா?"

பீவி சத்தியத்தை மீறவில்லை. மெர்லின் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை, கோமோ வீட்டு முற்றத்தில், அண்டாவில் கிராஃபிஷ் என்கிற ஆற்று இறால் வெந்துகொண்டிருந்தபோது, பீர் பாட்டிலோடு நின்ற நாலைந்து பேரிடம், "நாளைக்குப் பெரிய லீக்லேருந்து ஒரு ஆளு பார்க்க வர்றாராம்" என்று மட்டும்தான் சொன்னார்.

"யாரைப் பார்க்க?" என்று லான்ஸ் கேட்டார்.

"அது சொல்லக் கூடாது" என்றார் பீவி. சொல்லிவிட்டு, ரகசியத்தைக் காத்த பெருமையோடு லான்ஸைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அணியில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து அவர் கண்ணடித்தார் என்று பிறகு தெரியவந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல வெயில். ஆல்ட்ரிஜ் சாம்பல் நிறத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று, டிக்கெட் கொடுக்கிறவள் அவரை முன்வரிசையில், கோமோவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

மெர்ல் காலை நீட்டி மடக்கி, சூடேற்றிக்கொண்டு ஓரத்தில் நின்றார். முதல் வாய்ப்பு. லான்ஸ் பின்வாங்கினார். விச்சிட்டாவின் ராட்சதர்கள் இரண்டு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். மெர்ல் பழக்கதோஷத்தில் ஹெல்மெட்டை மாட்டினார். லான்ஸ் படுக்கவில்லை. இரண்டு ராட்சதர்களுக்கும் நடுவில் நுழைந்து, ஒற்றைக்காலில் நின்று பந்தை எறிந்தார். பந்து மைதானத்தின் பாதியைத் தாண்டி, டாய்ல் என்ற நெட்டையனிடம் போனது. அந்த வசந்தம் முழுவதும் டாய்லிடம் சிக்கியது ஜலதோஷம் ஒன்றுதான். அதே டாய்ல் எம்பிக் குதித்து, ஒரே கையில் பந்தைப் பிடித்து, கோட்டைத் தாண்டி ஓடிப்போய் விழுந்தார். எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம், பார்வையாளர் பக்கம் திரும்பி ஹெல்மெட்டைக் கழற்றித் தன் முகத்தைக் காட்டியது.

மெர்லுக்கு விளங்கிவிட்டது.

"பீவி," என்றார். "நேத்து கிராஃபிஷ் தின்னப்போ என்னடா பேசின?"

"உன் பேரைச் சொல்லவே இல்ல மச்சி, எங்க ஆத்தா மேல சத்தியமா!"

"அடப்பாவி, அதைச் சொல்லியிருக்கலாமேடா!"

பந்தோடு எதிரியின் கோட்டைத் தாண்டினால் அது கோல்; கோல் வந்தால் கூடுதல் புள்ளிக்காக ஒரு சின்ன உதை உண்டு. அதை உதைக்க வேறு ஆள். ஆனால் பந்தைத் தரையில் நட்டுப் பிடித்துக்கொள்ள ஒருவர் மண்டியிட வேண்டும். எல்லா அணிகளிலும் அந்த வேலை உதைகாரர் தலையில்தான் விழும், அவர் சும்மாதானே இருக்கிறார் என்று. மெர்ல் போய் மண்டியிட்டார். பீவி பந்தைத் தள்ளினார். மெர்ல் நட்டார். இன்னொருவன் உதைத்தான். முன்வரிசையில் சாம்பல் தொப்பி இந்தப் பக்கம் திரும்பி ஏதோ குறித்துக்கொண்டது.

அடுத்த தடவையும் கோல். மெர்ல் மண்டியிட்டார். அதற்கடுத்த தடவையும் மண்டியிட்டார். ஒரு தடவை நடு மைதானத்தில் மூன்று வாய்ப்பும் வீணானது. மெர்ல் துள்ளி உள்ளே ஓடினார். பயிற்சியாளர் ஸ்பைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"எங்க ஓடற?"

"உதைக்க, கோச்."

"இன்னிக்கு நம்ம பசங்க வெறி பிடிச்ச மாதிரி ஆடறானுங்கடா. நாலாவதையும் ஓடியே பார்த்துடலாம்."

"கோச், எனக்கு..."

"நீ ரெஸ்ட் எடு மெர்ல். வருஷம் பூரா நீ ஒருத்தன்தான் உழைச்சிருக்க." ஸ்பைவியின் கண் கலங்கியிருந்தது. அவர் மனசார ஒருவருக்கு நல்லது செய்த நாள் அது.

நாலாவதிலும் ஓடினார்கள். தாண்டிவிட்டார்கள். மெர்ல் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனமுருகி ஒரு ஜெபம் செய்தார்: 'ஆண்டவரே, இந்தப் பயல்களுக்கு எது வழக்கமோ அதை மட்டும் கொடும்.' தன் அணி தோற்க வேண்டும் என்று கும்பிடுகிற அளவுக்கு இறங்கிவிட்டோமே என்று ஒரு நிமிடம் வெட்கப்பட்டார். அப்புறம் ஜெபத்தைத் தொடர்ந்தார்.

கூட்டமும் நிம்மதியாக இல்லை. முதல் கோலுக்குத் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டாவதுக்குக் கை தட்டினார்கள். மூன்றாவதிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூக்கில் சாயம் பூசிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு, சாவதற்கென்று வந்தவர்கள் அவர்கள்.

"என்னய்யா இது அநியாயம்!" என்று கோமோ எழுந்து நின்றார். "சீசன்ல கடைசி ஆட்டம், ஒருதடவை சாகக்கூட விட மாட்டேங்கறானுங்க!"

"மெர்லை உள்ள விடு! மெர்லை உள்ள விடு!" என்று பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள். பாதி ஆட்டம் முடிவதற்குள் மைதானமே அதைக் கத்தியது. லான்ஸ் பந்தைச் சரியாக எறியும்போதெல்லாம் சொந்த ஊர்க்காரர்களே ஊளையிட்டார்கள். உலகத்தில் எந்த அணிக்கும் ஜெயித்ததற்காக இவ்வளவு திட்டு விழுந்திருக்காது.

இடைவேளையில் மெர்ல் வேலி ஓரம் போய் ஆல்ட்ரிஜைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க சார். எங்களுக்கு இது வழக்கமில்ல."

"பரவாயில்ல கைட்ரி. மண்டி போடறது சுத்தமா இருக்கு." ஆல்ட்ரிஜ் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குச் சாயங்காலம் ஃப்ளைட். நாலஞ்சு வேண்டாம். ஒண்ணு காட்டு போதும். உன்னோட ஒரே ஒரு உதையைப் பார்த்துட்டேன்னா எங்க ஆளுங்ககிட்ட அடிச்சுப் பேசிடுவேன்."

ஒன்று. பத்து கிடைக்கும் என்று நினைத்தவருக்கு இப்போது ஒன்று போதும்.

அந்த ஒன்று, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் வந்தது. விச்சிட்டா விழித்துக்கொண்டு நெருங்கிவந்திருந்தது. டுமான்ட் கொஞ்சம்தான் முன்னால் நின்றது, பந்து அவர்கள் கையில்தான் இருந்தது, ஆனால் சொந்தக் கோட்டுக்கு வெகு அருகில் முடங்கிக் கிடந்தது. முதல் வாய்ப்பு வீண். இரண்டாவது வீண். மூன்றாவதில் விச்சிட்டாவின் தடியன் ஓடிவந்தான். லான்ஸ் அவனைப் பார்த்தார். அன்றைக்கெல்லாம் சேர்த்துவைத்திருந்த தைரியம் சரியாக அந்த இடத்தில் தீர்ந்துபோக, படுத்துவிட்டார்.

மைதானம் அதிர்ந்தது. அவ்வளவு சந்தோஷம்.

"மெர்ல்!" என்றார் ஸ்பைவி. "தூரமா உதைடா. ரொம்ப தூரமா."

மெர்ல் உள்ளே நடந்தார். அவர் வெள்ளைக்கோட்டைத் தாண்டியதுமே பெஞ்சுகள் காலியாயின. பகல் முழுவதும் காத்திருந்த ஜனங்கள், ஆசை தீர, ஒருவர்மேல் ஒருவராக விழுந்து செத்தார்கள். ஓடம் தன் தனி அறையில் செத்தார். டெல்வின் செத்தார். பாப்கார்ன் விற்கிறவன் தட்டை வைத்துவிட்டுச் செத்தான். மெர்லுக்குத் தன் மூச்சு கேட்டது.

பீவி குனிந்தார். "மச்சி," என்று கால் இடுக்கு வழியாகத் தலைகீழாகச் சொன்னார், "என்னை மன்னிச்சுடு."

"பந்தைத் தள்ளுடா."

பந்து கைக்கு வந்தது. மெர்ல் இரண்டு எட்டு வைத்து உதைத்தார்.

பத்து வருடம் உதைத்தவருக்குக் காலில் பட்டதுமே தெரிந்துவிடும். அது பந்து மாதிரியே இல்லை, காலுக்கும் வானத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. 'டம்' என்று ஒரு சத்தம் காலி மைதானத்தைச் சுற்றிவந்தது. பந்து விளக்குக் கம்பத்துக்கு மேலே போய், வெயிலில் ஒரு கணம் காணாமல் போய், சாவகாசமாக முன்னால் சாய்ந்தது. அதைப் பிடிக்க நின்றிருந்த விச்சிட்டாக்காரன் அண்ணாந்து பார்த்தான். ஓரடி பின்னால் வைத்தான். அப்புறம் திரும்பி ஓடினான். அப்புறம் ஓடி என்ன பயன் என்று நின்று, இடுப்பில் கைவைத்து, தன் தலைக்கு மேல் போகிற அதை ரசித்தான். பந்து வெகு தூரத்தில் விழுந்து, உருண்டு, விச்சிட்டாவின் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், போதும் என்று தானாக நின்றது.

மெர்ல் சிரித்துக்கொண்டே முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

முன்வரிசையில் ஒரு தலைகூட இல்லை.

விசில் ஊதியது. ஊர் உயிர்த்தெழுந்து சீறியது. கடைசியாக, நசுங்கிப்போன சாம்பல் தொப்பி ஒன்று பெஞ்சுக்கு அடியிலிருந்து மெல்ல மேலே வந்தது. அதன் தோள்மேல் கோமோவின் கை இருந்தது. கோமோவின் இன்னொரு கையில் அளவு நாடா இருந்தது.

ஆட்டம் முடிந்தது. ஓநாய்கள் ஜெயித்துவிட்டன. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மெர்ல் வேலிக்கு ஓடினார்.

"பார்த்தீங்களா சார்?"

ஆல்ட்ரிஜ் தொப்பியின் பள்ளத்தை முஷ்டியால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். "இந்த மனுஷன் என்னை அளந்தான்ப்பா. 'உங்களுக்கு ஓக் மரப் பெட்டி எடுப்பா இருக்கும்'ன்னான். அடுத்த நிமிஷம் நான் கீழ கிடக்கேன்."

"வெளியூர்க்காரர்னு நான் சலுகை காட்ட முடியாது மெர்ல்," என்றார் கோமோ. "ஆளுக்கொரு சட்டமா?"

"கோமோ! அவர் என்னைப் பார்க்கத்தான்யா வந்தாரு!"

கோமோவின் வாய் திறந்தது. நாக்கு ஓரமாகத் தொங்கியது. இந்தத் தடவை அது சடங்கு அல்ல.

"சத்தம் கேட்டேன் கைட்ரி," என்றார் ஆல்ட்ரிஜ். குரல் தணிந்திருந்தது. "ரொம்ப வருஷமா இந்தச் சத்தங்களைக் கேட்கறவன் நான். அது நல்ல சத்தம். ஆனா நான் போய் என்ன சொல்றது? பிணங்களோட பிணமாக் கிடந்தேன், எங்கயோ டம்முன்னு கேட்டுச்சுன்னா?"

"டிவிக்காரங்க படம் பிடிச்சிருப்பாங்க சார்!"

இருவரும் கேமராவைத் திரும்பிப் பார்த்தார்கள். கேமரா தன்பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் கேமராக்காரன் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனும் உள்ளூர்க்காரன்தான்.

ஆல்ட்ரிஜ் கிளம்பும்போது, போகிற போக்கில் கேட்பது மாதிரி கேட்டார்: "அந்தக் குனிஞ்சு நிக்கிற ஆளு யாரு? இன்னிக்குப் பூரா ஒரு பந்துகூடக் கோணலா வரல."

மெர்ல் ஒரு நொடிதான் யோசித்தார். "ஓட்டிஸ் பீவி சார். தங்கமான பையன். வாய் மட்டும் கொஞ்சம் பெருசு."

"குனிஞ்சா வாய் தெரியாது" என்று ஆல்ட்ரிஜ் எழுதிக்கொண்டார்.

பீவிக்கு அந்த வாரமே அழைப்பு வந்தது. அவர் மெர்லின் வீட்டு வாசலில் வந்து அழுதார். "நான் போகல மச்சி. இது உன்னோட இடம்."

"போடா லூசு. உன் மூஞ்சியப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு."

"நீ பார்த்தது என் மூஞ்சியே இல்லியே மச்சி."

"அதான் டிவில சுலபமா அடையாளம் கண்டுபிடிச்சிடுவேன். போ."

அது பின்னால் நடந்தது. ஆட்டத்தன்று வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது டார்லா ஓட்டினாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும், மூக்குச் சாயத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "நல்ல உதைப்பா அது," என்றாள். "கம்பத்துக்கு மேல போச்சு. கோட்டுக்கிட்ட போய்த் தானா நின்னுச்சு பாரு, அதான் அழகு."

மெர்ல் திரும்பிப் பார்த்தார். "நீ செத்துப்போயிருந்தியே."

"வலது கண்ணு சாகல."

"இன்னிக்கு மட்டுமா?"

"ஒருதடவைகூட அது செத்ததில்ல. கோமோகிட்ட சொல்லிடாத."

அந்தக் கோடையில் வசந்த லீக் காலமானது. பொஸ்ஸம்கள் கூடவே போய்ச் சேர்ந்தன. மெர்ல் பழுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பளக் கடைக்குப் போனார். முதல் நாளே ஹோபார்ட் மச்சான் வேலையை விளக்கினார். கம்பளத்தைச் சுவரோரம்வரை விறைப்பாக இழுக்க ஓர் இரும்புக் கருவி இருக்கிறது. தரையில் மண்டியிட்டு, அதன் பின்பக்கத்து மெத்தையை முழங்காலால் ஓங்கி உதைக்க வேண்டும்.

"மண்டி போடணும், உதைக்கணும்," என்றார் ஹோபார்ட். "உனக்கு வருமா மாப்ள?"

"முயற்சி பண்றேன்" என்றார் மெர்ல்.

விரித்துப்போட்டிருந்த ஒரு கம்பளத்தின் ஓரத்தில் அவர் மண்டியிட்டபோது, கடையின் கதவு மணி அடித்தது. கோமோ உள்ளே வந்தார். அவர் பின்னால் டிக்கெட் கொடுக்கிறவள், பாப்கார்ன்காரன், கேமராக்காரன், மாமனாரின் கண்ணில் படாமல் டெல்வின். கம்பளத்தின்மேல் ஒவ்வொருவராகச் சரிந்து, கண்ணை மூடி, நாக்கைத் தொங்கவிட்டார்கள்.

"ஏம்ப்பா, வாங்கற உத்தேசம் உண்டா?" என்றார் ஹோபார்ட். பிணங்கள் பதில் சொல்லவில்லை. கோமோவின் கை மட்டும், செத்த நிலையிலேயே, கம்பளத்தின் தரத்தைத் தடவிப் பார்த்தது.

மெர்ல் கருவியைச் சரியாக வைத்தார். முழங்காலைப் பின்னுக்கு இழுத்து ஓங்கி ஓர் உதை விட்டார். 'டம்' என்றது. கம்பளம் சுவரோடு போய் ஒட்டியது. ஆனால் பிணங்கள் அசையவில்லை. மெர்லுக்கு முதலில் புரியவில்லை. பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்" என்று கடை முழுவதும் சீறியது.